வேலைக்கு வந்தவரிடம் கொத்துச் சாவியா?

கம்ப்யூட்டர் உலகில் ஒரு காவல் தந்திரம்

பொத்தானை அழுத்த வேண்டியது இல்லை. வந்த செய்தியைத் திறந்து படிக்க வேண்டியதும் இல்லை. செல்போன் மேஜை மேல் சும்மா கிடந்தாலே போதும். உளவாளி உள்ளே நுழைந்து விடுவான்!

இப்படி ஒரு சூழ்ச்சி, 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிச்சத்துக்கு வந்தது.

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். அங்கே தலைமை அலுவலகம் உள்ள ஒரு பொதுத்தொண்டு அமைப்பில் வேலை பார்ப்பவர் ஒருவர். அவர் வைத்திருந்தது, ஆப்பிள் கம்பெனியின் 'ஐபோன்'.

கனடா நாட்டில், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 'சிட்டிசன் லேப்' என்று ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அந்தக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் அந்தப் போனைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் உளவாளியின் காலடித் தடம் தெரிந்தது!

யார் அந்த உளவாளி?

அவன் மனிதன் அல்ல. ஒரு புரோகிராம். பெயர், 'பெகாசஸ்'. இஸ்ரேல் நாட்டின் 'என்.எஸ்.ஓ.' என்ற கம்பெனி தயாரித்தது. அது ஒரு போனுக்குள் புகுந்து விட்டால், அதில் உள்ள செய்திகளைப் படிக்கும். பேசுவதை ஒட்டுக் கேட்கும். கேமராவையும் தன் கண்ணாக்கிக் கொள்ளும்.

அது வந்த வழி எது தெரியுமா?

ஒரு படம்!

செய்தியோடு சேர்த்து அனுப்பப்பட்ட படம். படம் வந்தால், அதை நமக்குக் காட்டுவதற்காகப் போன் தானாகவே பிரித்துப் பார்க்கும் அல்லவா? அப்படிப் பிரித்த நேரத்தில்தான், கதவு திறந்து கொண்டது.

ஒரே ஓட்டை

செப்டம்பர் 7-ந் தேதி, ஆப்பிள் கம்பெனி தன் போனில் இருந்த ஓட்டையை அடைத்தது.

அதற்கு முந்திய நாளே, ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் சிட்டிசன் லேபும் கூகுள் கம்பெனிக்கு ஒரு தகவல் அனுப்பியிருந்தன. 'வெப்பி' என்று ஒரு படவகை உண்டு. கூகுள் 2010-ம் ஆண்டில் கொண்டு வந்தது. அந்தப் படத்தைப் பிரித்துக் காட்டும் புரோகிராமில் ஓட்டை இருக்கிறது என்பதே தகவல்.

11-ந் தேதி, கூகுள் தன்னுடைய 'குரோம்' பிரவுசரைச் செப்பனிட்டது. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் புரோகிராமுக்குத்தான் பிரவுசர் என்று பெயர்.

12-ந் தேதி, மொசில்லா நிறுவனம் தன்னுடைய 'பயர்பாக்ஸ்' பிரவுசரைச் செப்பனிட்டது.

குரோமும் பயர்பாக்ஸும் ஒன்றுக்கு ஒன்று போட்டி. அதை எழுதியவர்கள் வேறு. இதை எழுதியவர்கள் வேறு. அப்படி இருக்க, இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தது எப்படி?

இரண்டு பேரும் ஒரே வேலைக்காரரை அமர்த்தியிருந்தார்கள். அதுதான் காரணம்!

கல்யாண வீடு

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள்.

500 பேருக்குச் சாப்பாடு. வீட்டுக்காரரே சமைப்பாரா? மாட்டார். சமையலுக்கு ஓர் ஆள். பந்தலுக்கு ஓர் ஆள். நாதஸ்வரத்துக்கு ஒரு கோஷ்டி. அவரவர் தொழிலில் அவரவர் கெட்டிக்காரர்.

பெரிய புரோகிராம்களும் இப்படித்தான். எல்லா வேலையையும் தாமே செய்வது இல்லை.

படத்தைப் பிரிக்க ஒன்று. பாட்டைப் பாட வைக்க ஒன்று. எழுத்துப் பிழை பார்க்க ஒன்று. யாரோ எப்போதோ எழுதி வைத்த சிறு புரோகிராம்களை அப்படியே எடுத்து, தமக்குள் வைத்துக் கொள்கின்றன. இவற்றுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர், 'லைப்ரரி'. புத்தகம் படிக்கும் நூலகத்தோடு இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

லைப்ரரிகளில் பல, இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதியவர்களில் சிலருக்குச் சம்பளமும் கிடையாது. நல்ல மனதோடு, இரவு கண் விழித்து எழுதி, ஊருக்குக் கொடுத்தவர்கள்.

சரி, சமையல்காரர் வந்து விட்டார். அவருக்கு என்ன கொடுப்பீர்கள்?

அரிசி கொடுப்பீர்கள். பருப்பு, புளி, மிளகாய் கொடுப்பீர்கள். கொல்லைப்புறத்தில் கொட்டகை போட்டுக் கொடுப்பீர்கள்.

பீரோச் சாவியைக் கொடுப்பீர்களா?

"நன்றாயிருக்கிறதே! அது எதற்கு அவருக்கு?" என்று கேட்பீர்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் உலகில், பல ஆண்டுகளாக நடந்து வந்தது அதுதான். படம் காட்ட வந்த லைப்ரரிக்கு, வீட்டின் கொத்துச் சாவியே கிடைத்து விடுகிறது. எப்படி?

ஒரு புரோகிராமுக்கு என்று கம்ப்யூட்டர் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தரும். அந்த இடத்துக்கு 'மெமரி' என்று பெயர். நீங்கள் தட்டிய ரகசியச் சொல் அங்கேதான் இருக்கும். பாங்குக் கணக்கு விவரமும் அங்கேதான். எழுதிக் கொண்டிருக்கும் கடிதமும் அங்கேதான்.

அதே இடத்தில்தான், வேலைக்கு வந்த லைப்ரரியும் உட்கார்ந்திருக்கும். நடுவில் சுவர் கிடையாது. தடுப்பும் கிடையாது. புரோகிராம் எதையெல்லாம் தொடலாமோ, அதையெல்லாம் லைப்ரரியும் தொடலாம்!

சிந்தினால் ஆபத்து

"லைப்ரரியை எழுதியவர்தான் நல்லவர் ஆயிற்றே. பிறகு என்ன பயம்?" என்று கேட்கலாம்.

நல்லவரும் தவறு செய்வார். அந்தத் தவறுக்காகக் காத்திருப்பவன்தான் கெட்டவன்.

10 படி கொள்ளும் பானை. அதில் 12 படி நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? 2 படி கீழே சிந்தும். வீட்டில் சிந்தினால், துடைப்பத்தால் கூட்டி அள்ளி விடலாம். கம்ப்யூட்டரில் சிந்தினால், பக்கத்துப் பானைக்குள் போய் விழும்! அந்தப் பானையில் இருந்தது கெட்டு விடும்.

வெப்பி லைப்ரரியில் நடந்தது இதுவே.

படத்தைப் பிரிப்பதற்காக அது ஓர் அட்டவணை போடும். அட்டவணைக்கு இவ்வளவு இடம் போதும் என்று கணக்குப் பண்ணி ஒதுக்கியிருந்தார்கள். ஒழுங்கான படத்துக்கு அந்த இடம் போதும். வேண்டும் என்றே கோணலாகத் தயாரித்த படம் வந்தால்? அட்டவணை நிரம்பி வழியும்.

வழிவது நெல் என்றால் போகட்டும். என்ன வழிய வேண்டும், எங்கே போய் விழ வேண்டும் என்பதைச் சூழ்ச்சிக்காரனே திட்டம் போட்டு வைத்திருப்பான். பக்கத்துப் பானையில் இருந்த நல்ல கட்டளை அழியும். அந்த இடத்தில் அவனுடைய கட்டளை உட்காரும். அப்புறம் வீடு அவனுடையது!

இந்த மாதிரித் தவறு அபூர்வமா?

இல்லை. குரோம் பிரவுசரில் கண்ட கடுமையான பாதுகாப்புக் கோளாறுகளைக் கூகுள் கணக்கு எடுத்தது. 100-க்குச் சுமார் 70 கோளாறுகள், மெமரியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. 2020-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

லைப்ரரிகளில் பல, 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியிலும், அதன் வழி வந்த 'சி பிளஸ் பிளஸ்' மொழியிலும் எழுதப்பட்டவை. 'சி', 1970-களின் தொடக்கத்தில் பிறந்த மொழி. வேகத்தில் சூரன். ஆனால், பானை நிரம்பி விட்டதா என்று பார்க்காது. கொட்டு என்றால் கொட்டும்.

தனி வீடு

இதற்கு என்ன வழி?

"எல்லா லைப்ரரியையும் கட்டுப்பாடான வேறு மொழியில் புதிதாக எழுதி விடலாமே!" என்றார்கள் சிலர். எழுதலாம். எழுதியும் வருகிறார்கள். ஆனால், அது இன்றைக்கு நாளைக்கு முடிகிற வேலை அல்ல. லட்சக்கணக்கான வரிகள் இருக்கின்றன.

இன்னொரு வழி, தனி வீடு. ஆபத்தான வேலையைத் தனிப் புரோகிராமாகப் பிரித்து, தனியே குடி வைத்து விடுவது. 2008-ம் ஆண்டில் குரோம் பிரவுசர் வெளி வந்தபோது, அதில் இந்த முறை இருந்தது. இணையப் பக்கங்கள் ஒரு வீட்டில். மற்ற அதிகாரங்கள் வேறு வீட்டில்.

நல்ல முறைதான். ஆனால் செலவு அதிகம்.

சமையல்காரருக்கு ஒரு வீடு. பந்தல்காரருக்கு ஒரு வீடு. பூக்கட்டுகிறவருக்கு ஒரு வீடு. இப்படி ஆளுக்கு ஒரு வீடு பிடித்தால், கல்யாணம் நடக்குமா? கம்ப்யூட்டரிலும் இதே கஷ்டம். வீடு கூடினால் மெமரி கூடுதலாக வேண்டும். வீட்டுக்கு வீடு ஓடி ஓடிச் சாமான் வாங்கி வர நேரமும் பிடிக்கும்.

வீடு ஒன்றுதான். ஆனால், சமையல்காரர் கொட்டகையைத் தாண்டி வரவே முடியாது. அப்படி ஒரு சுவர் கட்ட முடியுமா?

தபால் தந்திரம்

முடியும் என்று காட்டினார்கள், 4 பேர்.

வாபே, லூக்கோ, ஆண்டர்சன், கிரகாம் என்பவை அவர்கள் பெயர்கள். அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கிளையில் ஆராய்ச்சி செய்தவர்கள். 1993-ம் ஆண்டில் தங்கள் யோசனையை வெளியிட்டார்கள்.

அந்த யோசனை மிகவும் எளிது.

மெமரியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. விலாசத்தில் தெருப் பெயரும் இருக்கும். கதவு எண்ணும் இருக்கும். நம் வீட்டு விலாசம் மாதிரியே என்று வைத்துக் கொள்ளுங்கள்.

லைப்ரரிக்கு ஒரு தெருவை ஒதுக்கி விடுகிறார்கள். அது மெமரியில் எதையாவது எழுதப் போகும்போது, ஒரு விலாசம் சொல்லும். அந்த விலாசத்தில் எந்தத் தெரு இருந்தாலும் சரி, அதை அழித்து விட்டு அதன் சொந்தத் தெருப் பெயரையே எழுதி விட வேண்டும்!

பெரிய தெரு, 5-ம் எண் என்று அது எழுதினாலும், தபால் அதன் சொந்தத் தெரு 5-ம் எண்ணுக்குத்தான் போகும். தவறினாலும் தன் தெருவுக்குள்ளேயே தவறும். அடுத்த தெருவுக்குச் சேதம் இல்லை.

இதற்குக் காவல்காரர் வேண்டியது இல்லை. தனி வீடும் வேண்டியது இல்லை. லைப்ரரியின் கட்டளைகளுக்கு நடுவிலேயே, "தெருப் பெயரை மாற்று" என்ற கட்டளையை முன்கூட்டியே சேர்த்துத் தைத்து விடுகிறார்கள்.

இப்படி அடைத்து வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியின் பெயர். தொட்டிக்குள் குழந்தை கோபுரம் கட்டட்டும், இடிக்கட்டும். வீட்டுக்குள் மண் வராது.

2017-ம் ஆண்டுக்குள், முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் 'வெப் அசெம்பிளி' என்ற முறை வந்து சேர்ந்தது. அதுவும் மணல் தொட்டிதான். அதற்குள் ஓடும் புரோகிராம் எழுதக்கூடிய விலாசம் எல்லாமே தொட்டிக்குள் இருக்கும் விலாசம்தான். வெளி விலாசத்தைச் சொல்வதற்கே அதற்கு வாய் கிடையாது!

சுவர் போதுமா?

சுவர் கட்டியாயிற்று. இனித் தூங்கலாமா?

கூடாது என்றார்கள், இன்னொரு குழுவினர். ஸ்ரவண் நாராயண், டீயன் ஸ்டெபான், ஹோவாவ் ஷாச்சம், டால் கார்பிங்கல் முதலியோர் கொண்ட குழு அது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளை, டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம், மொசில்லா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். 2020-ம் ஆண்டில் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த கருவியின் பெயர், 'ஆர்.எல்.பாக்ஸ்'.

அவர்கள் கண்ட சூட்சுமம் இது:

சமையல்காரர் கொட்டகையை விட்டு வெளியே வர மாட்டார். சரி. ஆனால், அவர் சமைத்த சாம்பார் வெளியே வருமே! அதில் விஷம் இருந்தால்?

கம்ப்யூட்டரில் இதன் பொருள் என்ன?

படம் காட்டும் லைப்ரரி வேலையை முடித்து விட்டு, பதில் சொல்லும். "படத்தின் அகலம் இவ்வளவு. படம் இருக்கும் விலாசம் இது" என்று சொல்லும். பிரவுசர் அதை நம்பி, அந்த விலாசத்துக்குப் போகும். அந்த விலாசம் பொய்யாக இருந்தால்? பிரவுசர் தன் கையாலேயே தன் பீரோவைத் திறந்து கொட்டி விடும்!

திருடன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வீட்டுக்காரரையே ஏமாற்றி, கதவைத் திறக்க வைத்து விட்டான்.

ஆகவே, சுவர் பாதிக் காவல். வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் சோதிப்பது மீதிக் காவல்.

சந்தேக முத்திரை

ஆர்.எல்.பாக்ஸ் இதற்கு ஒரு தந்திரம் செய்தது.

சுவருக்கு உள்ளே இருந்து வரும் எதுவானாலும், அதன் மேல் ஒரு முத்திரை விழுந்து விடும். "இது சந்தேகச் சரக்கு" என்ற முத்திரை. எண்ணாக இருக்கட்டும், எழுத்தாக இருக்கட்டும், விலாசமாக இருக்கட்டும். எதற்கும் விதிவிலக்கு இல்லை.

முத்திரை விழுந்த சரக்கை, புரோகிராம் எழுதுகிறவர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. மறந்து போய்ப் பயன்படுத்தினால்?

'கம்பைலர்' தடுத்து விடும்.

மனிதர் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் புரோகிராமுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். அது கண்டிப்பான வாத்தியார் மாதிரி. "இந்தச் சரக்கை நீ சோதிக்கவில்லை. சோதனையை எழுதிக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பி விடும். சோதனையை எழுதும் வரையில் வேலை நகராது.

மனிதருக்கு மறதி உண்டு. வாத்தியாருக்கு மறதி இல்லை. அதுதான் இதன் பலம்.

என்ன சோதனை?

"அகலம் என்று சொன்னாயே, அது நியாயமான எண்தானா? விலாசம் என்று சொன்னாயே, அது உன் தெருவுக்குள்தான் இருக்கிறதா?" இவ்வளவுதான். சரி என்றால், முத்திரையை அழித்து விட்டு எடுத்துக் கொள்ளலாம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு.

சாம்பாரைச் சமையல்காரரின் அண்டாவில் வைத்தே ருசி பார்க்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. நீங்கள் திரும்பிய நேரத்தில், அவர் எதையோ கலந்து விடுகிறார்! என்ன செய்வீர்கள்?

முதலில் உங்கள் பாத்திரத்தில் ஊற்றிக் கொள்ள வேண்டும். பிறகு ருசி பார்க்க வேண்டும். ஆர்.எல்.பாக்ஸும் அதே வரிசையில் செய்ய வழி வைத்தது. முதலில் சரக்கைத் தன் பக்கம் நகல் எடுக்கும். பிறகு நகலைச் சோதிக்கும். சோதித்த பின் மாற்ற வழியே இல்லை.

சமையல்காரர் அடிக்கடி, "அம்மா, உப்பு வேண்டும்!" என்று குரல் கொடுப்பார் அல்லவா? லைப்ரரியும் அப்படி வெளியே உள்ளவர்களைக் கூப்பிடும். யார் யாரைக் கூப்பிடலாம் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்து விட வேண்டும். பட்டியலில் இல்லாதவரைக் கூப்பிட்டால், யாரும் போக மாட்டார்கள்.

முதல் கொட்டகை

ஆராய்ச்சி ஏட்டோடு நின்று விடவில்லை. நாள்தோறும் மக்கள் பயன்படுத்தும் பிரவுசருக்கே வந்து சேர்ந்தது.

முதலில் சுவருக்குள் போனது, 'கிராபைட்' என்ற லைப்ரரி. சிக்கலான எழுத்து முறை உள்ள மொழிகளைத் திரையில் ஒழுங்காகக் காட்டுவதற்காகப் பிறந்தது அது. எழுத்து வடிவங்களைக் கொண்ட கோப்பு, இணையப் பக்கத்தோடு சேர்ந்து வெளியே இருந்து வரும். கிராபைட் வகைக் கோப்புக்குள் சிறு சிறு கட்டளைகளும் இருக்கும். யார் எழுதிய கட்டளை என்று யாருக்குத் தெரியும்? ஆகவே, அதற்கு முதல் சுவர்.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கான பயர்பாக்ஸில் இந்தச் சுவர் எழும்பியது. அடுத்து, மேக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கம்ப்யூட்டர், செல்போன் எல்லாவற்றுக்கும் வந்து விட்டது. அப்போது, மேலும் சில லைப்ரரிகளைச் சுவருக்குள் கொண்டு வரும் செய்தியை மொசில்லா அறிவித்தது.

பாட்டுக் கோப்புகளைப் பிரிக்கும் 'ஓக்' ஒன்று. எழுத்துப் பிழை பார்க்கும் 'ஹன்ஸ்பெல்' ஒன்று. இவற்றை அடுத்து 'எக்ஸ்பாட்', 'வாப் 2' ஆகிய இரண்டு. கிராபைட்டோடு சேர்த்து, மொத்தம் 5.

ஹன்ஸ்பெல், ஹங்கேரி நாட்டு மொழிக்காக எழுதப்பட்டது. 'வீடு' என்ற தமிழ்ச் சொல், 'வீட்டில்' ஆகும், 'வீட்டிலிருந்து' ஆகும், 'வீட்டிலிருந்தும்' ஆகும். ஹங்கேரி மொழியிலும் இப்படிச் சொல்லின் வால் நீண்டு கொண்டே போகும். அதைச் சமாளிக்கப் பிறந்த புரோகிராம் இன்று பல மொழிகளுக்குப் பிழை பார்க்கிறது. அப்பாவித் தொழிலாளிதான். ஆனாலும், அதற்கும் சுவர் கட்டினார்கள். பிழை பார்க்க வந்தவருக்குப் பீரோச் சாவி எதற்கு?

நண்பன் வேடம்

இதுவரை சொன்னது, நல்லவர் செய்த தவறைப் பற்றி. நண்பன் வேடம் போட்டு வருகிறவனும் உண்டு.

'எக்ஸ் இசட்' என்பது ஒரு லைப்ரரி. பெரிய கோப்பைச் சுருக்கி மடித்துத் தருவது அதன் வேலை. அதைச் சம்பளம் இல்லாமல், தனி ஆளாகக் கவனித்து வந்தார் ஒருவர். அவருக்கு உதவி செய்வதாக இன்னொரு ஆள் வந்தான். சொந்தப் பெயர் எது என்று காட்டிக் கொள்ளவில்லை. 2 ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்தான். நம்பிக்கை வளர்ந்தது. பொறுப்பும் அவன் கைக்கு வந்தது.

2024-ம் ஆண்டில், அந்த லைப்ரரிக்குள் ஒரு கள்ளச் சாவியை ஒளித்து வைத்து விட்டான்!

தொலைவில் இருந்து பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் நுழைவதற்கு ஒரு வாசற்கதவுப் புரோகிராம் உண்டு. லினக்ஸ் வகைகள் சிலவற்றில், எக்ஸ் இசட் லைப்ரரியும் அந்தப் புரோகிராமுக்குள் வந்து உட்கார்ந்து விடும். மடிக்கிற வேலைக்கு வந்த லைப்ரரி, வாசற்கதவின் பூட்டையே தொட முடிந்தது. நடுவில்தான் சுவர் இல்லையே!

இதைக் கண்டுபிடித்தவர், ஆண்ட்ரஸ் பிராய்ண்ட். மைக்ரோசாப்ட் கம்பெனியில் என்ஜினீயர். அவருக்குத் துப்பாகக் கிடைத்தது எது தெரியுமா? அரை வினாடி! கதவு திறப்பதற்கு வழக்கத்தை விடச் சுமார் அரை வினாடி கூடுதலாக ஆயிற்று. "ஏன்?" என்று கேட்டார். தோண்டிப் பார்த்தார். கள்ளச் சாவி அகப்பட்டது.

மார்ச்சு 29-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார். சோதனைக்காக வெளியிட்டிருந்த லினக்ஸ் பதிப்புகளில்தான் பெரும்பாலும் அது பரவியிருந்தது. ஊர் எங்கும் பரவுவதற்கு முன்னால் பிடித்து விட்டார்கள்.

அன்றைக்கு உலகம் தப்பியது, ஒரு மனிதரின் கூர்மையான கவனத்தால். எல்லா நாளும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? சுவர் இருந்தால், ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பிக் கிடக்க வேண்டியது இல்லை.

விலை உண்டு

சுவருக்கு விலை இல்லையா? உண்டு.

மெமரி கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வேகமும் சிறிது குறையும். சோதனைகளை எழுத ஆட்கள் உட்கார்ந்து உழைக்க வேண்டும். சோதனையையே தவறாக எழுதி விட்டால், காவல்காரரே தூங்கியது மாதிரி ஆகும்.

உள்ளே இருப்பது பொய் சொல்வதையும் சுவர் தடுக்காது. சுவருக்குள் இருக்கும் பிழை பார்க்கும் லைப்ரரி கெட்டுப் போனால், சரியான சொல்லைத் தவறு என்று சொல்லலாம். ஆனால், உங்கள் ரகசியச் சொல்லைத் தொட முடியாது. சாம்பாரில் உப்பு கூடலாம். பீரோ பத்திரமாக இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மொசில்லா முதலில் சுவர் கட்டிய அந்த 5 லைப்ரரிகளில், வெப்பி இல்லை. ஜேபெக், பி.என்.ஜி. என்ற படவகைகளைப் பிரிக்கும் லைப்ரரிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டிலேயே சுவர் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று நிரூபித்தார்கள். ஆனாலும், ஒவ்வோர் அறைக்கும் சுவர் எழுப்ப நாள் பிடிக்கிறது. 2023-ம் ஆண்டில் சூழ்ச்சிக்காரர்கள் தேடி வந்தது, சுவர் எழும்பாத அறையைத்தான்!

நாம் செய்ய வேண்டியது

நம் வீட்டுப் போனில் நாம் சுவர் கட்ட முடியாது. அது என்ஜினீயர்கள் வேலை.

நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. "புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக் கொள்ளவா?" என்று போன் அவ்வப்போது கேட்கும். பலர், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளி விடுகிறார்கள். 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், சில நாட்களுக்குள் ஓட்டையை அடைத்துக் கொடுத்து விட்டார்கள். அதை உடனே போட்டுக் கொண்டவர்களின் கதவு மூடிக் கொண்டது. தள்ளிப் போட்டவர்களின் கதவு, தள்ளிப் போட்ட அத்தனை நாளும் திறந்தே கிடந்தது.

போன் கேட்டால், போட்டுக் கொள்ளுங்கள். போனின் அமைப்புகள் பகுதிக்குள் போய்ப் போட்டால், அது போனைத் தயாரித்த கம்பெனியிடம் இருந்தே வரும். வழியில் யாரோ அனுப்பும் செய்தியை நம்பி, அதில் உள்ளதை அழுத்திப் போடக் கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு அது தெரியாவிட்டால், பிள்ளைகள் செய்து கொடுக்கலாம். ஐந்து, பத்து நிமிஷ வேலை.

வேலைக்கு வந்தவரை மரியாதையாக நடத்துங்கள். வேண்டிய சாமானைக் கொடுங்கள். செய்ததைச் சோதித்து வாங்கிக் கொள்ளுங்கள். கொத்துச் சாவி மட்டும், உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்!